நான் வாசிக்காமல் விட்ட பத்தி

1958 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை, காலை ஒன்பது நாற்பது. மலைக்கோட்டைக்கு மேல் கருமேகம் நின்றது. மழை இல்லை, காற்று மட்டும் புழுதியை வாரிக்கொண்டு வந்தது. திண்டுக்கல்லில் ஒரு சுருட்டுப் பட்டறை. இருபத்தெட்டுப் பேர் சுருட்டு சுருட்ட, நான் நடுவில் முக்காலியில் உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன்.

அதுதான் என் வேலை. அவர்களில் யாருக்கும் படிக்க வராது, கைக்கும் ஓய்வில்லை. ஆளுக்கு வாரம் பத்துப் பைசா போட்டு இரண்டு ரூபாய் எண்பது பைசா கொடுத்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவனுக்கு அது பெரிது. கடைவீதியில் நான் வாயைத் திறந்தால் முகம் பார்க்காமலே, "பேப்பர் தம்பியா?" என்று திரும்புவார்கள். தொண்டைக்காக மோரைக்கூட விட்டிருந்தேன். சாவுச் செய்திக்கு முன் நான் கனைத்தால், "யாரோ பெரிய மனுசன் போயிட்டாரு போல" என்று பட்டறை அடங்கிவிடும்.

பத்திரிகை வாங்குவது பட்டறை முதலாளியின் செலவு. அன்று காலை அவர் என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு பத்தியின் மேல் விரலை வைத்தார். பட்டறை முதலாளிகள் கூடிப் பேசி, நூறு சுருட்டுக்குப் பத்துப் பைசா கூலி கூட்டித் தர ஒப்புக்கொண்ட செய்தி. அன்று முதலே உண்டு; நாளைக்கு முந்நூறு சுருட்டும் ஒவ்வொருவருக்கும் முப்பது பைசா கூடும்.

"இத மட்டும் விட்டுருங்க தம்பி. கொஞ்ச நாள் போகட்டும், நானே சொல்லிக்கிறேன்."

பிறகு, காலியாகக் கிடந்த கணக்குப்பிள்ளை நாற்காலியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

வாசித்துக்கொண்டே அந்தப் பத்திக்கு வந்தபோது, வரிசையில் மூத்தவளான ஒரு அக்கா கேட்டாள்: "மழை போட்டிருக்கா அப்பு?"

"போட்டிருக்கு அக்கா."

"பேப்பர்ல பெய்யும். நம்ம ஊருக்குத்தான் வராது."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

பதினாறு வேலை நாள் போயிற்று. முதலாளி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தினமும் எழுந்ததும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பட்டறைக்குள் நுழைந்ததும் என் கண் அந்த நாற்காலிக்குப் போகும்.

அந்த அக்கா தாடிக்கொம்பில் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தாள். மருமகனும் சுருட்டுத் தொழில்தான். அங்கே போய்வந்த மறுநாள் என் முன்னால் வந்து நின்றாள்.

"கூலி கூடிருச்சாமே. பேப்பர்ல வரலையா அப்பு?"

"வரலையே அக்கா."

"இந்தப் பேப்பர்தான்னு மருமகன் சொன்னாரு."

மற்ற எல்லோர் கையும் நின்றது.

"வந்துச்சு அக்கா. நான்தான் படிக்கல."

"இம்புட்டு நாளா எங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்பிடிலே படிச்ச?"

அதுவரை அவள் என்னை 'லே' போட்டுப் பேசியதில்லை.

அன்றே எல்லோரும் எழுந்து முதலாளி முன் நின்றார்கள். அன்று முதல் கூலி கூடியது. பழைய நாட்களுக்கு மட்டும் அவர் கையை விரித்துவிட்டார். நாற்காலிக்கு வேறொருவர் வந்தார்.

"நாப்பத்தெட்டு வாரம் காசு வாங்காம வாசிக்கிறேன் அக்கா. உங்க நட்டத்துக்குச் சரியா வரும்" என்றேன்.

"சும்மா வாசிச்சா, நீ எத விட்டாலும் கேக்க எங்களுக்கு வாய் இருக்காது. பத்துப் பைசா போட்டுக்கிட்டேதான் இருப்போம். எங்க கூலிய நீ ரொக்கமாக் குடுத்துரு."

மேலும் எட்டு வருடம் அங்கே வாசித்தேன். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும், "அம்புட்டுத்தானா?" என்று அவள் கேட்பாள். ஒரு நாளும் அவள் கேட்காமல் இருந்ததில்லை. ஒரு நாளும் பக்கத்தை மறுபடி மேலிருந்து பார்க்காமல் நான் பதில் சொன்னதில்லை.

அவள் கேட்ட ரொக்கத்துக்கு அந்த வாரமே என் சைக்கிளை விற்றேன்; போதாததற்கு அம்மாவின் தோட்டை, வேலைக்கு முன்பணம் கட்டவேண்டும் என்று பொய் சொல்லி வாங்கி, அடகு வைத்தேன். ஆளுக்கு நான்கு ரூபாய் எண்பது பைசா. புகையிலைக் கறை படிந்த ஒவ்வொரு கையிலும் நானே எண்ணி வைத்தேன். யாரும் திருப்பி எண்ணவில்லை. மொத்தம் நூற்று முப்பத்து நான்கு ரூபாய் நாற்பது பைசா.