போனை வைக்கத் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ்

1. சைரன்

தௌலத் அக்காவின் போன் வந்தபோது நான் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையில் கேமரா மாட்டும் வேலை. வாயில் இரண்டு ஸ்க்ரூ. போனைக் காதில் வைத்ததும் அக்காவின் குரலுக்கு முன்னால் சைரன் சத்தம்தான் கேட்டது. அதற்கும் மேலே ஒரு பெண் குரல் இங்கிலீஷில் மிரட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, கம்ப்யூட்டர் அலறுதுங்க. பக்கத்து வூட்டுக்காரங்கல்லாம் எட்டிப் பாக்குறாங்க."

"திரையில என்னாக்கா இருக்குது?"

"செவப்பா என்னென்னமோ எழுதியிருக்குதுங்க. கீழ ஒரு போன் நம்பர் போட்டிருக்குது."

ஸ்க்ரூவைத் துப்பிவிட்டுச் சொன்னேன். "அந்த நம்பருக்கு மட்டும் போன் பண்ணாதீங்க. அது வைரஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெறும் வெப் பேஜ், பாப்-அப். சிபியூ பவர் பட்டனை அணையற வரைக்கும் அழுத்திப் புடிங்க. திரும்பப் போட்டா பிரவுசரைத் தொறக்காதீங்க. நான் வந்து பாக்குறேன்."

"சரிங்க தம்பி." கொஞ்ச நேரத்தில் சைரன் நின்றது. "அணைச்சுட்டேங்க. வெச்சிரட்டுங்களா?"

"வெச்சிருங்க."

அக்கா அணைத்தது மானிட்டரை. சத்தத்துக்கு ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டார். இது எனக்குத் தெரிந்தபோது காரியம் கெட்டுப்போயிருந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கம் பாதிப் பேருக்கு மானிட்டர்தான் கம்ப்யூட்டர். மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருக்கும் ஒருவர், இதே சிவப்புத் திரை வந்ததும் மானிட்டரை மட்டும் கழற்றி, பெட்ஷீட்டில் சுற்றி, பஸ் ஏறிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "வைரஸ் இதுலதானுங்க வந்துச்சு, என் கண்ணால பாத்தேன்" என்றார். அரூர்ப் பக்கத்து மரவள்ளிக்காரர் ஒருவர் அந்த நம்பருக்குப் போனே பண்ணியிருக்கிறார். அந்தப் பக்கம் இந்தி. இவருக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது. "யாருங்க பேசறது, எந்த ஊருங்க, என்ன விஷயமுங்க" என்று இவர் விடாமல் விசாரித்ததில் அவனே போனை வைத்துவிட்டானாம். திருடனே சலித்துப்போன ஊர் இது.

தௌலத் அக்காவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் வீட்டில் பேசுவது உருது. இந்திக்காரன் பேசினால் அவருக்கு எல்லாம் புரியும். அவர் பேசுவதும் அவனுக்குப் புரியும்.

2. பாப்பாரப்பட்டி வீடு

அக்காவுக்குப் பாப்பாரப்பட்டியில் வீட்டோடு எம்பிராய்டரி வேலை. மிஷின் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின். டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து, பென் டிரைவில் ஏற்றி மிஷினில் சொருகினால் அது தைத்துக்கொடுக்கும். கல்யாண ஜாக்கெட்டுக்குச் சுற்று வட்டாரத்தில் அக்காவைத் தேடித்தான் வருவார்கள். கணவர் இறந்தபிறகு அந்த மிஷின்தான் அவரைத் தூக்கி நிறுத்தியது. ஒவ்வொரு டிசைனும் அவர் கையால் போட்டது. மொத்தமும் ஒரே போல்டரில், ஒரே கம்ப்யூட்டரில். பேக்கப் கிடையாது. போகும்போதெல்லாம் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன். "பென் டிரைவ்ல இருக்குதுங்களே தம்பி" என்பார். பென் டிரைவில் அன்றைக்குத் தைக்கிற ஒரே டிசைன் இருக்கும். சுத்தமாக இருக்கட்டும் என்று பழையதை அழித்துவிடுவார்.

அன்று அவர் ஏதோ ஒரு சைட்டில் மயில் டிசைன் தேடியிருக்கிறார். டவுன்லோட் என்று பச்சையாக, பெரிதாக ஒரு பட்டன். சின்னதாக இருப்பதுதான் உண்மையான பட்டன், பெரிதாக இருப்பது விளம்பரம் என்பது நமக்குத் தெரியும். அக்கா பெரியதை அழுத்தினார்.

கேமரா வேலையை முடித்துவிட்டு டவுன் பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். வீட்டு வாசலிலேயே அக்காவின் பேச்சுக் குரல் கேட்டது, உருதுவில். சொந்தக்காரர் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உள்ளே அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. திரையில் மவுஸ் தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

தோள் பையைக் கீழே போட்டேன்.

"அக்கா, யாரு அது?"

அவர் விரலை உதட்டில் வைத்து, மெதுவாகச் சொன்னார். "கம்பெனிக்காரருங்க தம்பி. வைரஸ் எடுக்கறாரு. நல்ல பையன். என்னைய பெத்த அம்மாவாட்டம் மாஜி மாஜின்னு கூப்புடறான். சாப்புட்டீங்களான்னு கேட்டான்."

நடந்தது இதுதான். நான் வரத் தாமதமானதும் அக்கா மானிட்டரைப் போட்டிருக்கிறார். சிவப்புத் திரை அப்படியே நின்றிருக்கிறது. பக்கத்து ஊர்க் கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் பாதி தைத்தபடி மிஷினில். பயந்துபோய் அந்த நம்பருக்கே போன் பண்ணிவிட்டார். அவன் சொல்லச் சொல்ல ஒரு சாப்ட்வேரைப் போட்டு, அவனைக் கம்ப்யூட்டருக்குள்ளே விட்டுவிட்டார். அவன் பேங்க் கணக்கைத் திறக்கச் சொல்லியிருக்கிறான். "பாஸ்புக் பீரோவுல இருக்குது பேட்டா, சாவி எங்க வெச்சேன்னு தெரியல" என்று, பெற்ற மகனிடம் சொல்வது போல, இவர் சொல்லியிருக்கிறார். நெட் பேங்கிங் என்றால் என்னவென்றே அக்காவுக்குத் தெரியாது. பணம் தப்பித்தது அப்படித்தான்.

"அக்கா, போனைக் கட் பண்ணுங்க."

"பேசிக்கிட்டு இருக்கறப்ப எப்படிங்க தம்பி வெக்கிறது?"

"அவன் திருடன். வைங்க!"

அக்கா முகம் வெளுத்துவிட்டது. நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் கை சிவப்புப் பட்டனுக்குப் போகவில்லை. போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் உருதுவில் ஏதோ பணிவாகச் சொன்னார். எனக்கு உருது அரைகுறை. அந்த வாக்கியம் மட்டும் முழுதாகப் புரிந்தது. "பேட்டா, எங்க சர்வீஸ் தம்பி வந்துட்டாரு, உன்னோட பேச வேண்டாங்கிறாரு. வெச்சிரட்டுமா?"

திருடனிடம் அனுமதி கேட்கிறார்!

நம் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியாததில்லை. கல்யாணத்துக்கு அழைக்கக் கூப்பிட்டவரானாலும், கடன் கேட்டுக் கூப்பிட்டவரானாலும், "அப்ப வெச்சிரட்டுங்களா" என்று கேட்டு, "வெச்சிருங்க" என்று பதில் வந்தபிறகுதான் போனை வைப்போம். என் அம்மா ராங் நம்பரிடம்கூட அப்படித்தான் கேட்பாள். மரியாதை நல்லதுதான். யாருக்குக் கொடுப்பது என்று ஒரு கணக்கு வேண்டாமா?

அவன் வெச்சிருங்க என்று சொல்லவில்லை. மவுஸ் நேராக அக்காவின் டிசைன் போல்டருக்குப் போனது. எல்லாவற்றையும் செலக்ட் பண்ணியது. கண் மூடித் திறப்பதற்குள் டெலீட் ஓட ஆரம்பித்துவிட்டது, ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாமல். பணம் கிடைக்காத ஆத்திரம்.

நெட் வருவது அக்காவின் போனிலிருந்து யூஎஸ்பி கேபிள் வழியாக. பாய்ந்துபோய்ப் பிடுங்கினேன். மவுஸ் நின்றது, டெலீட் நிற்கவில்லை. கட்டளை கொடுத்தாகிவிட்டது, இனி அதுவாக ஓடும். சுவரில் ஸ்விட்சை அணைத்தேன். யூபிஎஸ் 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டு கரண்ட் கொடுத்தது. அந்த யூபிஎஸ்ஸை விற்றதே நான்தான். மேஜைக்கு அடியில், நூல்கண்டுப் பெட்டிகளைத் தள்ளிவிட்டு, தவழ்ந்துபோய், சிபியூ பட்டனை அழுத்திப் பிடித்தேன். திரை இருண்டது.

மேஜைக்கு அடியில் இருக்கும்போதே மேலே குரல் கேட்கிறது. "மாஜி? மாஜி?" அதற்கு அக்கா பதில் சொல்கிறார். கரண்ட் போய்விட்டதாம், அப்புறம் பேசுகிறாராம், வெச்சிரட்டுமாவாம்.

வெளியே வந்து போனைப் பிடுங்கி நானே கட் பண்ணினேன். வாயில் வந்ததையெல்லாம் கொட்டத் தயாராகத்தான் இருந்தேன். அக்கா முகத்தைப் பார்த்ததும் கொட்ட முடியவில்லை.

"டிசைன் எல்லாம் போயிருச்சுங்களா?"

"தெரியலக்கா."

"மொத மொத போட்ட மாங்காய் டிசைன்கூடவா? எம்பொண்ணு கல்யாணத்துக்குப் போட்டதுங்க அது."

பாதி தைத்த ஜாக்கெட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். அழுதால்கூடத் தேவலாம் என்று இருந்தது எனக்கு.

3. பாடம் எடுத்தது

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். கிளம்புவதற்கு முன்னால் அக்காவின் போன் மறுபடி அடித்தது. அவனேதான், வேறு நம்பரில். திருடியவனே திரும்பக் கூப்பிடும் அதிசயம் இந்தத் தொழிலில் சாதாரணம். ஒரு முறை சிக்கியவர்களை லேசில் விடமாட்டார்கள்.

"அக்கா, இப்பவே பழகிக்கோங்க. எடுத்து, யாருன்னு தெரிஞ்சதும் வெட்டுங்க. கேக்கக் கூடாது, சொல்லக் கூடாது."

எடுத்தார். கேட்டார். என்னைப் பார்த்தார். "சரி பேட்டா, வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

வாசலில் போய் நின்று நானே என் போனிலிருந்து கூப்பிட்டேன். "நான்தான் திருடன்னு நெனச்சுக்கோங்க. கம்ப்யூட்டர் சர்வீஸ்ல இருந்து பேசறேன்."

"சொல்லுங்க தம்பி."

"சொல்லுங்க தம்பியா? வெட்டுங்கக்கா!"

"உங்களைப் போயி எப்படிங்க..."

நாலைந்து தடவை ஒத்திகை பார்த்தோம். பக்கத்து வீட்டு அம்மா கையில் முறத்தோடு வந்து வேடிக்கை பார்த்தாள். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு சட்டம் போல ஒன்றைச் சொல்லி வைத்தேன். "இந்தியில பேசினாலும் சரி, தமிழ்ல பேசினாலும் சரி. மாஜின்னாலும் சரி, அக்கான்னாலும் சரி. தெரியாத நம்பர்ல இருந்து கம்ப்யூட்டர்ங்கிற வார்த்தை வந்தா, அடுத்த வார்த்தை உங்க காதுல விழக் கூடாது."

"சரிங்க தம்பி."

இந்தச் சரிங்கவில் எனக்குத் துளி நம்பிக்கை இல்லை.

4. ரெக்கவரி

பழைய சிஸ்டமாக இருந்தது நல்லதாகப் போயிற்று. ஹார்ட் டிஸ்க்கில் அழித்தது உடனே அழிந்துவிடாது. அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை உள்ளே கிடக்கும். அதனால்தான் இப்படி நடந்தால் முதலில் சிஸ்டத்தை அணைக்கச் சொல்கிறோம். இப்போது வரும் புது மாதிரி டிஸ்க்கான எஸ்எஸ்டியாக இருந்தால் பெரும்பாலும் கோவிந்தாதான். போன வருடம் எஸ்எஸ்டி போடச் சொல்லி அக்காவை நச்சரித்தவன் நான். அவர் கேட்காதது எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

என் கடைக்கு வந்து டிஸ்க்கை வேறொரு சிஸ்டத்தில் மாட்டி ரெக்கவரி சாப்ட்வேரை ஓடவிட்டேன். அது ஓடும் வேகத்தைப் பார்த்தால் நத்தை தேவலாம். நடுவில் வந்த வாடிக்கையாளர்கள் எல்லாம் "இன்னும் ஓடுதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் மதியம் பைல்கள் வந்தன. பெயர்கள் எல்லாம் போய் வெறும் எண்களாக வந்தன. ஒன்றைத் திறந்தேன், தாமரை. இன்னொன்று, அன்னம். திறந்துகொண்டே போனேன். ஒரு மாங்காய் வந்தது. கோணலாக, கொஞ்சம் குண்டாக, முதன்முதலாகப் போட்டவரின் மாங்காய். கடையில் அப்போது யாரும் இல்லை, உங்களிடம் மட்டும் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

உடனே அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று கை பரபரத்தது. என் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரிடம் போனை வாங்கிக் கூப்பிட்டேன்.

"அக்கா, கம்ப்யூட்டர் சர்வீஸ்ல இருந்து..."

கட்.

லைன் போய்விட்டதென்று மறுபடி கூப்பிட்டேன். "அக்கா, உங்க கம்ப்யூட்டர்..."

கட்.

மூன்றாம் முறை கம்ப்யூட்டரைத் தவிர்த்து, "அக்கா, நான்தான்" என்று ஆரம்பித்தேன். உருதுவில் ஒரு வசவு வந்தது. அர்த்தம் தெரியவில்லை, ஆனால் என் பரம்பரை சம்பந்தப்பட்டது என்பது புரிந்தது. பிறகு கட். நான்காம் முறை அந்த நம்பரையே பிளாக் பண்ணிவிட்டார் போல, மணியே அடிக்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் ஆன்டிவைரஸ் போடுங்கள், அப்டேட் பண்ணுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிப் பேச்சில் போனை வைக்கலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது என்று யாருக்கும் சொன்னதில்லை. இப்போது எந்த வீட்டுக்குச் சர்வீஸுக்குப் போனாலும் முதலில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், மிச்சமெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வேலைக்கு வருகிறவர்கள் நீங்களும் அதையே செய்யுங்கள்.

டிஸ்க்கையும், டிசைன் மொத்தத்தையும் காப்பி எடுத்த ஒரு புதுப் பென் டிரைவையும் பையில் போட்டுக்கொண்டு, உச்சி வெயிலில் பாப்பாரப்பட்டி பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. வழியெல்லாம் நின்றுகொண்டே போய், சட்டை நனைந்து, அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏங்க தம்பி, இந்த வெயில்ல வர்றீங்களே, ஒரு போன் பண்ணிட்டு வரக் கூடாதுங்களா?"