உருளாத காரும் நசுங்காத எலுமிச்சம்பழமும்

பத்தாவதோடு பள்ளியை விட்டவன் எழுத உட்காருவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வியர்த்துவிடும். தாள் திருப்பி முறைக்காது என்பதால் துணிகிறேன்.

அப்போது சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்த்துவந்தேன். வாலாஜாபாத்தில் அரிசி மண்டி வைத்திருந்த ஒரு அண்ணன், தன் உருண்டை மூக்குப் பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் மனைவியும் வந்தார். ஆனால் காரில் இல்லை, பின்னால் ஷேர் ஆட்டோவில். கைபிரேக் பிடிக்காத அந்தக் கார் முந்தின வாரம் தானாக உருண்டுபோய், அந்த அக்கா காயப்போட்டிருந்த வடகத்தின் மேல் ஏறி நின்றிருந்தது.

"இன்னொரு தபா உருண்டுச்சின்னா காயலான் கடைதான். சொல்லிட்டேன்" என்றார் அக்கா.

அண்ணன் என்னைத் தனியாக இழுத்துப் போனார். "எப்டியாவது நிக்க வெச்சுடுப்பா. எங்கல்யாணத்துக்கு முன்னாடியே வாங்கின வண்டிப்பா இது." கண் கலங்கியிருந்தது.

புதுக் கார்கள் சிலவற்றில் கைபிரேக் லிவரே கிடையாது. பட்டனை அழுத்தினால் ஒரு மோட்டார் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மறுபடி அழுத்தினால் விடும். விபத்தில் நொறுங்கிய ஒரு காரிலிருந்து அந்த மோட்டாரைக் கழற்றி இதன் அடியில் பொருத்தினேன். அது 'ஙொய்ங்' என்று கத்தும். அதைக் கேட்பதற்காகவே அண்ணன் திரும்பத் திரும்ப அழுத்தினார்.

வெள்ளிக்கிழமை ஒர்க்‌ஷாப் வாசலில் பூஜை. பிரேக்கைப் போட்டு நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தோம். புதிதாகப் போட்ட சாமானுக்குப் பொட்டு வைக்காமல் எங்கள் பக்கம் வண்டி எடுக்கமாட்டார்கள். அண்ணன் பாசத்தில் பட்டன் முழுவதும் சந்தனத்தை அப்பினார். கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் சந்தனம் இடுக்கில் இறங்கி வெயிலில் இறுகிவிட்டது. பட்டன் உள்ளே போகவில்லை. எஞ்சின் உறுமியது, கார் அசையவில்லை.

டீக்கடையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த தெற்கத்திப் பையன்கள் ஓடிவந்து தள்ளினார்கள்.

"ஏலே, அந்தப் பக்கம் எவனோ எதிர்த்துத் தள்ளுதாம்ல!"

"அண்ணாச்சி, வண்டிய தரையோட வெல்டு வச்சிட்டியளா?"

நான் மெதுவாக, "சந்தனம்..." என்றேன். யாரோ என் நெற்றியில் கொஞ்சம் பூசிவிட்டார்கள்.

பஸ் ஹாரன் அடித்தது; பையன்கள் ஓடிப்போனார்கள். அன்றும் ஷேர் ஆட்டோவிலேயே வந்திருந்த அக்கா காரைச் சுற்றிவந்து குனிந்து பார்த்தார். பழம் ஒன்றுகூட நசுங்கவில்லை. டயரைச் செருப்புக் காலால் ஒரு உதை விட்டார். பிறகு பின்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

அண்ணன் பதறினார். "ஏறிட்டியா? இது போவாதும்மே!"

"போவாட்டி இன்னா? நிக்குதுல்ல. டீ சொல்லு."

இருவரும் இருட்டும்வரை நின்ற காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் ஊக்கால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். நான்கு பழமும் நசுங்கின.