மச்சானின் சன்னல்

கப்பலைப் பார்க்கக் கிளம்புவதற்கு முந்தின நாள் சத்தியமங்கலத்திலிருந்து என் மனைவியின் அண்ணன் போன் செய்தார். ஏழு நிமிடம் பேசினார். அதில் நான்கு நிமிடம் இருமல்.

"மாப்ள, அம்மணியக் கீழ்த்தளத்துக்குக் கூட்டீட்டுப் போயிராதீங்க."

தங்கையை அவர் அம்மணி என்றுதான் கூப்பிடுவார். அந்தப் போர்க்கப்பலில் எஞ்சின் அறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர் அவர். வீட்டில் யாருக்கும் பிடிக்காமல் கடற்படைக்குப் போனவர். அம்மா அழுவார்களே என்று, தனி அறை, ஒரு கட்டில், காற்று வர சன்னல் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கடிதங்களைப் படித்துக் காட்டியவள் என் மனைவி. இப்போது கப்பலைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டு மியூசியமாக்கிவிட்டார்கள். அண்ணனின் சன்னலைப் பார்க்க வேண்டும் என்று அவள் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சரவணம்பட்டியிலிருந்து கிளம்பும்போது என் கைப்பையில் மூன்று நாளைக்கு வேண்டிய ஒன்பது மாத்திரைகள் இருந்தன. ரயிலில் இரண்டு முறை எண்ணினேன்.

கப்பலில் ஏறும் பலகையில் என் மனைவி செருப்பைக் கழற்றினாள்.

"போட்டுக்கிட்டே போகலாம்மா, இது கோயில் இல்லை" என்றார் காவலர்.

"என்ற அண்ணன் இருந்த ஊடுங்க. செருப்போட எப்படிங்க ஏறறது?"

அவள் கழற்றியதால் நானும் கழற்றினேன். நடுப்பகல். மேல்தளம் முழுக்க இரும்பு. பதினாறு எட்டில் நிழலுக்குப் போய்விட்டேன். அவள் இருபத்திரண்டு எட்டில் வந்தாள். அவசரப்படவில்லை.

மியூசியத்தில் ஒருவழிப் பாதை என்பதை மச்சான் சொல்லவில்லை. தரையில் வரைந்திருந்த அம்புக்குறி நேராகக் கீழே இறங்கியது. சன்னலே இல்லாத நீள அறை. கட்டில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் உருப்படிகளை எண்ணிச் சரிபார்த்தவன் நான். எண்ணக் கூடாது என்று நினைப்பதற்குள் எண்ணி முடித்துவிட்டேன். இருபத்தேழு.

"இது என்னங்க?"

"சாமான் வைக்கிற ரூமு."

"தலகாணியெல்லாம் இருக்குதுங்களே?"

"கப்பல் ஆடுமில்ல. சாமான் அடிபடாம இருக்கறதுக்கு."

அவள் ஒரு கட்டிலின் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தாள்.

மேலே ஓர் அறையில் ஒரே ஒரு கட்டிலும் வட்டமான சன்னலும் இருந்தன. "இதுதான்" என்றேன். கதவுக்கு மேல் பித்தளைத் தகட்டில் கேப்டன் என்று எழுதியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அவளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, உங்க ரூமுக்கு வந்துட்டேனுங்க. சன்னல் நல்லா இருக்குதுங்க. காத்து வருது."

சன்னலைத் திறக்க முடியாதபடி பெயின்ட் அடித்து மூடியிருந்தார்கள்.

இறங்கிச் செருப்பை மாட்டும்போது கேட்டாள்.

"ஏனுங்க, சாமான் ரூமுல எத்தனைங்க?"

"இருபத்தேழு."

"எனக்கும் அதேதானுங்க வந்துது" என்றாள். "அண்ணன்கிட்டச் சொல்லிப்போடாதீங்க."

ஊர் திரும்பியதும் மச்சான் கூப்பிட்டார். சன்னலைப் பற்றி அம்மணி சந்தோஷமாகப் பேசினாள் என்றார். கொஞ்சம் இருமினார்.

"நம்மகிட்ட மட்டும் சொல்லுங்க மாப்ள. கீழ எத்தனை கட்டில் வெச்சிருக்கறாங்க?"

"எண்ணலைங்க மச்சான்" என்றேன்.

அவர் நம்பவில்லை.