தானாக வந்தவை

எனக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கை பேசும். பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். துணியை அடித்துத் துவைப்பேன். அந்தச் சனிக்கிழமை காலையில் என் கைக்குக் கிடைத்தது பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர். அன்று நான் செய்த முட்டாள்தனத்தை நினைத்தால் இப்போதும் காது சுடும். ஆனால் அதைச் செய்யாமல் இருந்திருந்தால், கேட்க வேண்டியதை யாரிடமும் கேட்காமலே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாயவரத்துக்குப் போயிருப்பேன். அதனால் அந்த முட்டாள்தனத்துக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

பட்டினச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அப்போது கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சுனாமிக்குப் பிறகு வெளியூர்க்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன எட்டுக் கம்ப்யூட்டர்கள். காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்பதால் எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டிருந்தார்கள். திரையில் எல்லாமே தமிழில் வரும். திற, மூடு, சேமி, நீக்கு. "மிஸ், இது ஏன் எப்பப் பாத்தாலும் நம்மள அதட்டுது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதுகள் கேட்டதும் நியாயம்தான். ஒரு 'ங்க' சேர்த்திருந்தால் யாருக்கும் ஒன்றும் குறைந்து போயிருக்காது.

என் வீடு வரிச்சிக்குடியில். என் வீடு என்று இப்போது சட்டென்று எழுதிவிட்டேன். அந்த வருஷம் அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு வராது. அது என் கணவரின் வீடு. அவருடைய அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள், ஒன்றரை ஏக்கர் நிலம் இருந்தது. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் காய்ச்சல் என்று படுத்தவர் பத்தாம் நாள் இல்லாமல் போனார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவர் போய் ஆறு மாதம் வரைக்கும் அந்த வீட்டில் என்னை யாரும் போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

மாயவரத்திலிருந்து அண்ணன் வாரம் ஒருமுறை போன் செய்வார். "அவரே இல்லன்னு ஆனப்புறம் அங்க ஒனக்கு என்ன இருக்கு? ரேஷன் கார்டுலேர்ந்து பேரை நீக்கி ஒரு சான்று மட்டும் வாங்கிட்டு வந்துடு. இங்க எங்க கார்டுல சேத்துக்கலாம்." அண்ணன் கெட்டவர் இல்லை. எனக்காக ஓர் அறையைக்கூட ஒழித்து வெள்ளையடித்து வைத்திருந்தார். எனக்குத்தான் போக மனமில்லை. வரிச்சிக்குடி வீட்டில் என் கணவரின் சட்டை இன்னும் கொடியில் தொங்கியது. காலையில் மாமா கேணியடியில் தொண்டையைக் கனைக்கும் சத்தம் அச்சு அசல் அவர் கனைப்பதுபோலவே இருக்கும். ஆனால் நான் இருப்பது அவர்களுக்குப் பாரமா என்று தெரியாமல் எப்படி இருப்பது? நேரே கேட்டிருக்கலாம். கேட்டு, அவர்கள் ஒரு நொடி தயங்கிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். பயத்துக்கு ரோஷம் என்று பேர் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரண்ட் பில் எடுக்க மாமாவின் பிளாஸ்டிக் கவரைப் பிரித்தேன். ரேஷன் கார்டுக்குள் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. மேலே 'பெயர் நீக்கல் படிவம்' என்று அச்சிட்டிருந்தது. உள்ளே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மடிப்பெல்லாம் கசங்கி, பல நாள் கவருக்குள்ளேயே கிடந்த தாள். அண்ணன் இவர்களிடமும் பேசியிருக்கிறார், இவர்களும் சரி என்று சொல்லியிருக்கிறார்கள், எல்லாம் முடிவாகி என்னிடம் சொல்வதுதான் பாக்கி என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன். அத்தை வந்து, "வவுறு சரியில்லையா?" என்று கேட்டபோது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் பிள்ளைகள் இல்லாத நாள். எட்டுக் கம்ப்யூட்டரையும் புதிய பதிப்புக்கு மாற்றும் வேலையை அன்றைக்கென்று வைத்திருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்து இணைப்பில் அதெல்லாம் இறங்கி முடிக்கவே ஒரு வாரம் பிடித்திருந்தது. மாற்றம் நன்றாகவே நடந்தது. கடைசியில் திரையில் ஒரு பெட்டி வந்தது. 'பின்வரும் தொகுப்புகள் தானாக நிறுவப்பட்டவை. இவை இனித் தேவையில்லை.' அதற்குக் கீழே நீளமான பட்டியல், அதற்கும் கீழே இரண்டு பொத்தான்கள்: வைத்திரு, நீக்கு.

மற்ற நாளாக இருந்தால் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்திருப்பேன். அன்று முதல் வரியோடு நின்றேன். தேவையில்லை என்று அதுவே சொல்கிறது, அப்புறம் எதற்கு ஒட்டிக்கொண்டிருப்பது, போய்த் தொலையட்டும் என்று 'நீக்கு' பொத்தானை அழுத்தினேன். ஒரு கம்ப்யூட்டரில் இல்லை, வரிசையாக எட்டிலும். எட்டாவதில் அழுத்தும்போது கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

எல்லாவற்றையும் அணைத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தால் தமிழைக் காணவில்லை. எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள். பிள்ளைகள் படம் வரைவது, தட்டச்சுப் பழகும் விளையாட்டு, கணக்கு விளையாட்டு, ஒன்றும் இல்லை. எட்டும் துடைத்து வைத்த தட்டுகள் மாதிரி இருந்தன. திங்கட்கிழமை முதல் மணியில் ஆறாம் வகுப்பு வரும்.

தலைமையாசிரியை அறையிலிருந்த வேறொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடினேன். என்னைப் போலவே நீக்கிவிட்டு அலறிய ஒருவருக்கு, முன்பின் தெரியாத இன்னொருவர் ஆங்கிலத்தில் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார். நான் அதிலிருந்து புரிந்துகொண்டது இது. மென்பொருளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நாமே பெயர் சொல்லிக் கேட்டு நிறுவியது. மற்றது, அதற்குத் துணையாகக் கூடவே வந்தது. எது எந்த வகை என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்துக்கொள்ளும். கூட்டி வந்தது போய்விட்டால், கூட வந்தவற்றை வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. அடுத்த முறை பதிப்பு மாறும்போது அவற்றையெல்லாம் தேவையில்லை என்று பட்டியல் போட்டுவிடும். கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை. அப்படிச் செய்யாவிட்டால் வீடு முழுக்கக் குப்பை சேர்ந்துவிடும்.

சரி, எங்கள் கம்ப்யூட்டர்களில் கூட்டி வந்தது எது, அது எப்போது போனது? அதற்கும் அந்தப் பதிலிலேயே விடை இருந்தது. குடை மாதிரி ஒரு தொகுப்பு இருக்கிறதாம். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. இன்னின்னாரைக் கூட்டி வா என்கிற பட்டியல் மட்டும்தான். அந்தப் பட்டியலில் ஒன்றைப் பிடுங்கினாலும் குடையும் கூடவே போய்விடும். எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் பி.டி. வாத்தியார் மழை நாளில் மைதானத்துக்குப் போகாமல் கம்ப்யூட்டரில் சீட்டாடிக்கொண்டிருந்தார். அவரைத் திட்ட முடியாமல் எட்டிலும் சீட்டாட்டத்தை நீக்கினேன். 'இதனுடன் இன்னொன்றும் நீக்கப்படும்' என்று அப்போது கேட்டது. சரி என்று சொல்லியிருந்தேன். குடை அன்றைக்கே போயிருக்கிறது. அது போன பிறகும் பல மாதம் எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியவே இல்லை.

உள்ளே ஒன்றுமே இருக்காது என்ற இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் கணவரும் அப்படித்தான். வீட்டில் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டது கிடையாது. கையில் நூறு ரூபாய் தங்காது. ஆனால் எல்லாரையும் கூட்டி வந்தது அவர்தான். மாயவரத்திலிருந்து என்னைக் கூட்டி வந்தார். வீட்டில் உட்கார்ந்திருந்த என்னை இந்த வேலைக்குக் கூட்டி வந்தார். எதற்கெடுத்தாலும் முறைத்துக்கொள்ளும் என்னையும் அத்தையையும் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு முன்னால் ஒன்றாக உட்கார வைத்ததும் அவர்தான். சிரிப்பு நின்று அழுகை வந்தது. அவரோடு நான் தானாக வந்தவள். யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. தலைமையாசிரியையின் மேஜையில் தலையை வைத்து அழுதேன். அந்த ஆறு மாதத்தில் சத்தம் போட்டு அழுதது அன்றுதான்.

அந்தப் பதிலின் கடைசியில் வழியும் சொல்லியிருந்தது. பயப்பட வேண்டாம், உங்கள் கோப்புகள் எதுவும் போகவில்லை. வேண்டியதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் திரும்ப நிறுவுங்கள். பெயர் சொல்லிக் கேட்டது என்று குறிப்பு விழுந்துவிட்டால், அதற்கப்புறம் கம்ப்யூட்டர் அதைத் தானாகத் தொடாது. எழுதியவர் எந்த ஊர், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. நன்றி சொல்ல வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை. இன்று சொல்கிறேன். அந்த நான்கு வரி எனக்கு வேறு ஒரு வேலையும் செய்தது.

சனிக்கிழமை மிச்சமும் ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதிலேயே போனது. வேண்டியவற்றின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். இறக்கி வைத்ததெல்லாம் உள்ளேயே இருந்ததால் மறுபடி ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. முதல் கம்ப்யூட்டரில் கட்டங்கள் மறைந்து 'திற' என்று வந்தபோது, அதட்டினால் அதட்டட்டும் என்று இருந்தது. எட்டையும் முடிக்கும்போது மணி நாலு. காரைக்காலில் பஸ் மாறி வரிச்சிக்குடியில் இறங்குவதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். கேட்டுவிடுவது. தயங்கினால் தயங்கட்டும்.

மாமா சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். உள்ளே போய் அந்தத் தாளை எடுத்து வந்து நடுவில் வைத்தேன்.

"எம் பேரை எடுக்கறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு எடுங்க மாமா."

மாமா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒம் பேரையா?" என்றார். "இது அவன் பேருக்கு வாங்குனதும்மா."

எனக்கு அது தோன்றவே இல்லை. செத்துப்போனவர் பெயரையும் கார்டிலிருந்து நீக்க வேண்டும் என்பது அந்த மூன்று நாளில் ஒரு தடவைகூட என் மண்டையில் உறைக்கவில்லை.

"மூணு வாரமா வச்சுக்கிட்டுத் திரியறேன்," என்றார் மாமா. "ரெண்டு தடவ ஆபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டேன். நீக்கப்பட வேண்டியவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு பாரு, அதுல எனக்கு எழுத வரல."

அத்தை கீரையைக் கீழே போட்டார். "ஏன்டி, ஒங்க அண்ணன் போன்ல கூப்புடறது எங்க காதுலயும் விழுவுதுல்ல? நாங்க வாயத் தொறந்தா, சரி நான் போறேன்னு சொல்லிடுவியோன்னு பயந்துகிட்டு நாங்க கெடக்கறோம். நீ என்னடான்னா." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆறு மாதமாக ஒரே பயத்தை மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி. அன்றைக்கு முருங்கைக்கீரையை நான்தான் உருவி முடித்தேன்.

"நாளைக்கு எங்கூட வர்றியாம்மா? நீ எழுதிடு," என்று மாமா படுக்கப் போகும் முன் கேட்டார்.

திங்கட்கிழமை முதல் மணிக்கு வர முடியாது என்று தலைமையாசிரியையிடம் போனில் சொல்லிவிட்டு மாமாவோடு காரைக்காலுக்குப் போனேன். ஆபீஸ் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தில் என் கணவரின் பெயரை எழுதினேன். எழுதும்போது மாமா என் கையைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் இருந்த அம்மா படிவத்தை வாங்கி, கார்டைப் பிரித்து, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். சிவப்பு மையால் அவர் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார். மாமாவின் கண் அந்தக் கோட்டை விட்டு நகரவில்லை. அந்த அம்மாவின் விரல் அடுத்து என் பெயருக்கு வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மாமாவிடம் கேட்டார்.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

மாமா அப்போதும் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி அவருக்கு வேறு மாதிரி விழுந்திருக்கிறது.

"இவ வேணும்ங்க," என்றார். "எங்களுக்கு இந்தப் பொண்ணு வேணும்."

அந்த அம்மாவின் பேனா அப்படியே நின்றது. "முறை என்னன்னு கேட்டேங்கய்யா," என்றார், மெதுவாக.

"மருமக," என்று நான் சொன்னேன். அந்த அம்மா என் பெயருக்கு எதிரே ஒரு டிக் போட்டு, கார்டை மாமாவிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார்.