சிடியின் முதுகில் அடித்த நம்பர்

அந்த சிடியைக் கெடுத்தது நீங்கள்தான், தலைவரே. வெற்று சிடியைக் கொடுத்தேன் என்று ஆம்பூர் முழுக்க என்னைப் பொய்யனாக்கியதும் நீங்கள்தான்.

என் அண்ணன் டேனரியில் ஈரத்தோலைப் பிழியும் ரோலர் மெஷினில் வேலை செய்தான். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த முன்னால் ஒரு தடுப்புப் பட்டை உண்டு. வேலை வேகமாக நடக்கட்டும் என்று சூப்பர்வைசர் அதைக் கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருந்தார். அண்ணனின் வலது கை விரல்கள் போயின. குடித்துவிட்டு வந்தான் என்றது கம்பெனி. அவன் குடிப்பவனே இல்லை.

கேமராவில் பதிவானதை ஆபீஸில் இருந்த ஒருவர் பென்டிரைவில் ஏற்றி, சங்கத் தலைவர் என்று நம்பி உங்களிடம் கொடுத்தார். நீங்கள் அதை என் கடைக்குக் கொண்டுவந்தீர்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் பாட்டும் படமும் காப்பி போட்டுக் கொடுக்கும் கடை. டிவிடியில் போட்டுத் தருகிறேன் என்றேன். சங்க ஆபீஸில் இருக்கும் பழைய பிளேயர் விசிடி மட்டும்தான் எடுக்கும் என்றீர்கள். சரி என்று விசிடியாக மாற்றி, சிடியில் எழுதிப் போட்டுக் காட்டினேன். கட்டுக்கம்பி தெளிவாகத் தெரிந்தது. நீங்கள் உச்சுக்கொட்டினீர்கள். பிறகு, என் கம்ப்யூட்டரில் இருந்தால் எனக்குத்தான் வம்பு என்று சொல்லி, நான் அழிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, சிடியை எடுத்துக்கொண்டு போனீர்கள். பென்டிரைவ் கொடுத்தவரும் அதைத் திரும்ப வாங்கி, பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்.

சங்கக் கூட்டத்தில் பிளேயரில் போட்டபோது, உள்ளே டிஸ்க்கே இல்லை என்று திரையில் வந்தது.

“இன்னாப்பா, வெத்து சிடியைக் குடுத்து எல்லாரையும் பேஜார் பண்றே?” என்று மைக்கில் கேட்டீர்கள்.

“அண்ணன் குடிச்சதுல தம்பிக்கு மப்பு ஏறிடுச்சு” என்றான் பின்னாலிருந்து ஒருவன். கூட்டம் சிரித்தது.

சிடியை வெளியே எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன். பேர் எழுதும் பக்கத்தில், நடு ஓட்டையை ஒட்டி, அச்சு வைத்துத் தட்டிய நம்பர். ஒவ்வொரு எண்ணின் வழியாகவும் வெளிச்சம் வந்தது. வாசலில் உங்களை நிறுத்திக் கேட்டேன்.

“ஒங்கண்ணன் கேஸ் நம்பர் போட்டேன். பளபளன்னு இருக்கிற பக்கம் ஒரு கீறல் கெடையாது, பாரு. தோலுக்கு உள்பக்கம்தான நம்பர் அடிக்கிறோம்? அதுக்கு இன்னா ஆவுது?”

தோலுக்கு ஒன்றும் ஆகாது. மேல்பக்கம் கெடக் கூடாது என்று சதைப்பக்கத்தில் நம்பர் அடிப்பது இங்கே வழக்கம். சிடி அப்படியல்ல. பளபளக்கும் பக்கத்தில் இருப்பது கனமான பிளாஸ்டிக். லேசர் ஒளி அதைத் தாண்டிப் போய்ப் பதிவில் பட்டுத் திரும்பும். அதைத்தான் பிளேயர் படிக்கிறது. பதிவு இருப்பது பேர் எழுதும் பக்கத்தில், மெல்லிய வார்னிஷ் பூச்சுக்குக் கீழே. அடிப்பக்கத்துக் கீறலைத் தேய்த்துச் சரிபண்ணலாம். மேல்பக்கம் உரிந்தால் பதிவே போய்விடும். அதிலும் பிளேயர் நடுவிலிருந்துதான் படிக்கத் தொடங்கும். சிடியில் என்ன இருக்கிறது என்ற விவரமே அங்கேதான் இருக்கிறது. டிவிடியில் பதிவு இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கும். ஒருவேளை தப்பியிருக்கும்.

இவ்வளவையும் உங்களுக்குச் சொன்னேன்.

“உட்றா, இனிமே பேசி இன்னா ஆவப்போவுது” என்று வண்டியைக் கிளப்பினீர்கள். தெரியாமல் செய்ததை விட்டிருப்பேன். தெரிந்த பிறகும் டீக்கடை டீக்கடையாக வெற்று சிடி என்றே சொல்லித் திரிகிறீர்கள்.

அன்று வீட்டில் அண்ணன் இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். தலையைத் தூக்காமல் கேட்டான்: “நெஜமாவே அதுல படம் இருந்துச்சாடா?”

அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

டேனரி வாசலில் நடக்கும் அடுத்த கேட் மீட்டிங்கில் மைக் உங்கள் கையில்தான் இருக்கும். தனியாக என்னைக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். அண்ணனை முன்னால் உட்காரவைக்கிறேன். என் கடையில் அந்தப் படத்தைப் பார்த்தீர்களா, இல்லையா? தடுப்புப் பட்டை கம்பியால் கட்டியிருந்ததா, இல்லையா? அவன் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.