கடைக்கு எதிரே நின்றுபோன கார்

"ரெண்டாவது கியர் போதும் டீச்சர். மெதுவா போங்க, நான் அந்தக் கடையைப் பார்க்கணும்."

ஸ்டியரிங்கில் கார் பழக வந்த பள்ளி டீச்சர். பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் கால் தன் பக்கத்துப் பிரேக்கில், கண் சன்னலுக்கு வெளியே. கார் ஓட்டக் கற்பவர்கள் சாலையைப் பார்ப்பார்கள். கற்றுத் தருகிறவர் கடைகளைப் பார்ப்பார். ஒரு கம்பெனி முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கப்போகிறது என்று செய்தி வந்தால் போதும், பாடத்தின் பாதை அதன் கடைப் பக்கம் திரும்பிவிடும். பல் மருத்துவமனை ஒன்று பங்கு வெளியிட்ட மாதத்தில், ஒரு மாணவர் அதன் வாசலில் மட்டுமே ரிவர்ஸ் பழகி உரிமம் வாங்கிவிட்டார்.

கிளட்சோடு சேர்த்தே அவர் இதையும் சொல்லித் தருவார்: "நாம குடுக்கிற காசு கம்பெனி வளரப் போகுதா, இல்ல பழைய ஆளுங்க பங்கை நம்ம தலையில கட்டிட்டுக் கிளம்புறாங்களா? கம்பெனி வெளியிடுற அறிக்கையில முதல்ல அதைப் பாருங்க." விண்ணப்பிக்கும் ஆள் அதிகமானால் பங்கு குலுக்கலில்தான் கிடைக்கும். அவருக்குப் பெரும்பாலும் விழாது. "விழலைன்னா போட்ட காசு பத்திரமா திரும்புது. அதுக்கு யாராவது மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பாங்களா?"

இந்த முறை இஸ்திரிப் பெட்டிக் கம்பெனி. திரட்டும் பணத்தில் பெரும்பகுதி வெளியேறும் பழைய பங்குதாரர்களுக்கே என்று அறிக்கை சொன்னது. படித்தார், ஆனால் ஒரு வாரமாக அந்தக் கம்பெனியின் கடை வாசலில் நீண்ட வரிசை. கண்ணால் கண்ட கூட்டத்திடம் அச்சடித்த வரி தோற்றுப்போனது. பயிற்சிக்கு இன்னொரு கார் வாங்க அவரும் மனைவியும் சேர்த்ததை எல்லாம், இருவர் பெயரிலும் போட்டுவிடத் துடித்தார். இன்று மாலை விண்ணப்பம் முடிகிறது.

மனைவி அழைத்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"ஏங்க, போட்டுட்டீங்களா?"

"மதியம் போடுறேன். போட்டி குறைவு, கேட்டது முழுசா கிடைச்சிடும்."

"அவ்ளோ நல்ல பங்கா இருந்தா நமக்கு எதுக்கு மிச்சம் வைக்கிறாங்க? பேசாம காரை வாங்குங்க."

"நீ வந்து கூட்டத்தைப் பார்த்தியா? பார்த்தா இப்படிப் பேச மாட்டே."

"ஓடுற வண்டியிலேர்ந்து பார்த்த கூட்டம்தானே!" போனை வைத்துவிட்டார்.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டதில் கிளட்சை விட்டுவிட்டார். கார் குலுங்கி, கடைக்கு நேர் எதிரே அணைந்தது. பின்னால் ஹாரன்கள் கத்தின.

"ஐயோ மாஸ்டர், நின்னுபோச்சு!"

"நிக்கட்டும். பதறாதீங்க."

இதுவரை சன்னலில் ஓடிக் கடந்த வரிசை இப்போது அசையாமல் நின்றது. உள்ளே போகிறவர்கள் கையில்தான் அட்டைப்பெட்டி. வெளியே வருகிறவர்கள் கையில் ஒரு ரசீது மட்டும். ஒரு பெட்டியிலிருந்து கருகிய வயர் தொங்கியது.

டீச்சர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "என்ன மாஸ்டர், யாரும் வாங்க வந்த மாதிரி தெரியலையே? திருப்பிக் குடுக்கிற கூட்டமா இது?"

மாஸ்டர் காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கினார். சாலையைக் கடந்து, வரிசையின் கடைசியில் வெறுங்கையோடு நின்று, முன்னால் நின்றவருடைய பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.