விலாவும் விலாங்கும்

மகளின் மகன் பல்கலைக்கழக அணியில் குவாட்டர்பாக் ஆனபோது, புலம்பெயர்ந்து வந்த எங்கள் பக்கத்துத் தமிழர்களில் இந்த விளையாட்டைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். மூன்று பேர். அதில் ஒருவன் அவனே. பெயர்தான் புட்போல், காலால் உதைப்பது குறைவு. இரண்டு பக்கமும் கூரான பந்தைக் கையால் எறிகிறார்கள். எறிகிறவன் குவாட்டர்பாக். அவனைக் காக்கப் பதினொரு பேர், விழுத்தப் பன்னிரண்டு பேர். இந்தக் கணக்கே எனக்கு முதல் நாளிலிருந்து பிடிக்கவில்லை.

முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றார்கள். முதுகில் தமிழ்ப் பெயர் எழுதிய சட்டையோடு அவன் ஓடுகிற படம் வட்ஸ்அப்பில் சுற்றியது. உடனே, வோபர்ன் பிளாசாவில் காலையில் கூடித் தேத்தண்ணி குடிக்கிற எங்கள் கூட்டம் முழுவதும் நிபுணர்களாகிவிட்டது. நாங்கள் ஒன்பது பேர். எழுபது வயதுக்குக் கீழே இரண்டு பேர்தான். சனிக்கிழமைகளில் இரண்டு வான் வண்டிகளில் ஏறி, போர்வை, பிளாஸ்க், மரக்கறி ரோல்ஸ் சகிதம் மைதானத்துக்குப் போகத் தொடங்கினோம்.

மூன்றாவது ஆட்டத்தில் ஒருவன் தலைக்கவசத்தோடு வந்து பேரனின் இடது விலாவில் மோதினான். படம் எடுத்துப் பார்த்ததில் இரண்டு எலும்பில் வெடிப்பு. கவசம் கட்டிக்கொண்டு, நோவைத் தாங்க முடிந்தால், விளையாடலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவன் படிப்பு முடிகிற வருடம் இது. இன்னும் மூன்று ஆட்டம்தான் மிச்சம். அதற்குப் பிறகு அவனுக்குப் புட்போல் இல்லை. மூன்றையும் விளையாடியே தீருவேன் என்று நின்றான்.

"அம்மப்பா, வீட்டுக்கு வெளியில ஒருத்தருக்கும் தெரியக்கூடாது, ஓகே?" என்றான் சாப்பாட்டு மேசையில். "தெரிஞ்சா அந்தப் பக்கத்தில பாத்துத்தான் அடிப்பாங்கள். பிறகு கோச் என்னை வெளியில இருத்திப்போடுவார்."

"நான் ஆரிட்டைச் சொல்லப்போறன்?" என்றேன். மகள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

விலாவை இறுக்கிக் கட்டியிருந்தால் உடம்பைத் திருப்ப முடியாது. திருப்பாவிட்டால் தூர எறிய முடியாது. நாலாவது ஆட்டத்தில் முப்பத்தொரு தடவை எறிந்தான். இருபது யார் தூரத்துக்கு மேலே போனவை இரண்டே இரண்டு. தோற்றார்கள். திங்கட்கிழமை நான் பிளாசாவுக்குள் நுழையுமுன்னரே தொடங்கிவிட்டது.

தொடக்கியவர் மில்லிக்கனிலிருந்து வருகிறவர். இருபத்தெட்டு வருடம் இந்த நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பின் கதிரை வரை கேட்கிற குரல்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்கட பேரன் பந்து எறியிறானோ, இல்லாட்டிக் கலியாண வீட்டில வெத்திலைத் தட்டம் நீட்டுறானோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

"உவன் இடுப்பைத் திருப்பிறானே இல்லை. உலக்கையை விழுங்கின மாதிரி நிக்கிறான்."

எதிரணிக் கோச்மார் ஒருவருக்கும் பிடிபடாதது இந்த மனிசனுக்குப் பிடிபட்டுவிட்டதே! நல்லவேளை, அவருக்கே அது விளங்கவில்லை.

"என்ன தெரியுமே? பயம். முந்தின முறை ஒரு அடி விழுந்தது. அண்டைக்குப் பிடிச்ச பயம்," என்று முடித்தார்.

இடுப்பைப் பற்றிச் சொன்னதையும் தட்டத்தைப் பற்றிச் சொன்னதையும் பொறுத்துக்கொள்ளலாம். இரவில் ஒரு பக்கம் சரிந்து படுக்க முடியாமல் கதிரையில் இருந்தபடியே நித்திரை கொள்கிற பிள்ளையைப் பயந்தவன் என்றால்? பதில் நுனி நாக்கில் நின்றது. சுடுதேத்தண்ணியை ஒரே மடக்காகக் குடித்து அதை உள்ளே தள்ளினேன். நாக்கு வெந்தது.

அன்றைக்கு மட்டும் எங்கள் வட்ஸ்அப் குழுவில் நாற்பத்தொரு செய்தி. முப்பத்திமூன்று அவனைத் திட்டி வந்தவை. ஆறு, அந்தத் திட்டுகளுக்குக் கைதட்டுகிற படங்கள். ஒன்று யாரோ மாறி அனுப்பிய இடியப்ப விளம்பரம். மிச்சம் ஒன்று நான் அனுப்பிய 'காலை வணக்கம்'.

ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் என் விலாவும் வெடித்துவிடும் போலிருந்தது. அந்தச் சனிக்கிழமை ஆட்டம் இல்லை; வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அங்கே தவிலும் நாதஸ்வரமும் காது மெஷினுக்குள் புகுந்து படுத்துகிற பாடு தாங்காமல், வாசலிலேயே அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவது என் வழக்கம். பிள்ளையாருக்கு அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். சொன்னேன். ஆனால் அது போதுமா? எந்தப் பக்கம் என்று பிள்ளையாருக்குத் தெரியவேண்டாமா? அவர் வலது விலாவைச் சுகப்படுத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டால்? மேளச் சத்தத்துக்கு மேலே ஐயருக்குக் கேட்கவேண்டுமே என்று கொஞ்சம் உரக்கச் சொன்னேன்:

"இடப்பக்க விலா! ரெண்டு எலும்பு வெடிச்சிருக்கு! அடுத்த சனிக்கிழமை மட்ச்சுக்கு முதல் நோ மாறவேணும்!"

மேளம் எப்போதோ நின்றுவிட்டதை ஐயரின் முகத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

வெளியே சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் மில்லிக்கன்காரர் மனைவியோடு நின்றார். நான் மெஷினை மாட்டும் வரை பொறுத்திருந்து கேட்டார்.

"அண்ணை, உதோடயோ பெடியன் விளையாடினவன்?"

"உமக்குக் கேட்டதோ?"

"எனக்கோ? தூண் எல்லாத்துக்கும் கேட்டது."

"வேற ஆர்?"

"சுத்திப் பாத்திட்டன். எங்கட கூட்டத்தில நான் மட்டும்தான்."

பிறகு திரும்பி உள்ளே போனார். பிள்ளையாருக்கு முன்னால் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டார். எழுபத்திரண்டு வயதில் ஐந்து போட்டது பெரிய காரியம். ஐந்தாவதிலிருந்து எழும்ப மனைவியின் கை வேண்டியிருந்தது.

திரும்பி வந்தவருக்கு மூச்சு வாங்கியது. "இனி நான் திட்டாமல் விட்டால் சனம் என்ன ஏது எண்டு கேக்கும் அண்ணை."

அதுவும் சரிதான். அவர் ஒரு நாள் அமைதியாக இருந்தால் வோபர்ன் முழுக்க விசாரிக்கும்.

"அப்ப திட்டட்டோ?"

"திட்டும்," என்றேன். "ஆனா பயம் எண்டு மட்டும் சொல்லாதேயும்."

அதற்குப் பிறகு வந்த நாட்கள் சுகமானவை. காலை எட்டு மணிக்குக் குழுவில், 'பொங்கல் கரும்பை நட்டுவைத்த மாதிரி நிற்கிறான்' என்று எழுதுவார். எட்டு மணி இரண்டு நிமிடத்துக்கு எனக்குத் தனியாக ஒரு செய்தி வரும்: 'அண்ணை, நோ குறைந்ததோ? நல்லெண்ணெய் அனுப்பட்டோ?' ஐந்தாவது ஆட்டத்தையும் தோற்றபோது இன்னும் கடுமையாக எழுதினார். எண்ணெய்ப் போத்தல் இரண்டு வந்தது.

கடைசி ஆட்டத்தன்று நல்ல குளிர். எதிரணியின் ஐம்பத்திரண்டாம் இலக்கக்காரனின் முதுகிலும் ஒரு தமிழ்ப் பெயர் இருந்தது. மோர்னிங்சைட் பெடியனாம். என் பேரனை விழுத்துவதுதான் அவனுடைய வேலை. அதை ஒழுங்காகச் செய்தான். முதல் பாதியிலேயே நாலு தரம்.

முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது நாங்கள் நாலு புள்ளி பின்னுக்கு. ஐம்பத்திரண்டு மறுபடி வந்தான். எங்களுக்கு நேரே, கோட்டுக்குப் பக்கத்தில், பேரன் இடது பக்கமாக அடிபட்டு விழுந்தான். எழும்பவில்லை.

மில்லிக்கன்காரர் போர்வையை உதறிவிட்டு எழும்பினார். இருபத்தெட்டு வருடக் குரல்.

"ஐயோ, விலா! விலா!"

ஐம்பத்திரண்டு நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். எங்கள் கூட்டத்தில் மற்ற ஏழு பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். நான் அவருடைய ஜக்கெட்டைப் பிடித்து இழுத்தேன். அவருக்கும் விளங்கிவிட்டது.

"விலா... ங்கு!" என்றார். "விலாங்கு! பந்து கையில நிக்குதில்லை! விலாங்கு மாதிரி வழுக்குது!"

"விலாங்கோ?" என்றார் பின்னாலிருந்தவர்.

"ஓம், விலாங்கு! நீர் காணேல்லையோ? சும்மா இரும்!"

கீழே பேரன் முழங்காலில் எழும்பி நின்றான். தோள் குலுங்கியது. நோவா, சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு தன் இடத்துக்குப் போய், கட்டியிருந்த உடம்பை முழுவதுமாகத் திருப்பி எறிந்தான். ஐந்து யார் தூரத்துக்கு ஒரு கோடு. நான் ஒன்பது கோடு எண்ணினேன். அந்தக் கரையில் ஒருவன் பந்தைப் பிடித்துக்கொண்டு எல்லைக்குள் ஓடினான். மில்லிக்கன்காரர் என்னைக் கட்டிப்பிடித்ததில் பிளாஸ்க் உருண்டு மூன்று படி கீழே போனது. திட்டவேண்டியவர் அழுதுகொண்டிருந்தார். குளிருக்குக் கண்ணீர் வருகிறது என்று எல்லாருக்கும் விளக்கம் சொன்னார்.

மூன்று புள்ளியால் வென்றோம். ஆட்டம் முடிந்ததும் ஐம்பத்திரண்டு கம்பிவேலிக்கு வந்தான். கிட்டத்தில் பார்த்தால் குழந்தை முகம்.

"அங்கிள், விலாங்கு எண்டா வாட்? எனக்கோ சொன்னனீங்கள்?"

"இல்லைத் தம்பி, உவனுக்கு," என்றார் மில்லிக்கன்காரர். "அது மீன். நல்ல மீன்."

"முதல்ல வேற என்னவோ கத்தினீங்கள்."

"அதுவும் மீன்தான்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு போனான்.

வீட்டுக்குப் போகும்போது மகள் கார் ஓட்டினாள். பேரன் முன் கதிரையில் சரிந்திருந்தான். ஒரு கை விலாவில், மறு கையில் ரோல்ஸ், அது மூன்றாவது. இரண்டு சிவப்பு விளக்கு தாண்டும் வரை மென்றான். பிறகு திரும்பாமலே கேட்டான்.

"அம்மப்பா, அந்த அங்கிளுக்கு விலா எப்பிடித் தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்? நான் பிள்ளையாருக்கு மட்டும்தான் சொன்னனான்."

மகள் கண்ணாடியில் என் காது மெஷினைப் பார்த்தாள்.

"எவ்வளவு சத்தமா?" என்றான் பேரன்.